பல் மாறும் பருவமும் கோணல் பல்லும்

பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும் காலம் ஏறத்தாழ 6 வயதில் தொடங்கி 12 வயது வரை நீள்கிறது. இந்த ஆறு ஆண்டுகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் புதுப் பற்கள் திரும்பியோ, உள்தள்ளியோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ, இடைவெளி விட்டோ வருவதுண்டு. அதில் பெரும்பகுதி வளர்ச்சியின் ஒரு கட்டம். தாடை வளரும்போது தானே சீராகும். சிறு பகுதிக்குத்தான் மருத்துவரின் கை தேவை. பெற்றோரைக் கலங்க வைக்கும் கோணல் பெரும்பாலும் முன்பல்லில் தெரிவது. உண்மையில் பல்வரிசையைக் கெடுப்பதோ யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்கப் பால் பல்லின் சொத்தை. இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைத்தான் விரிவாகச் சொல்கிறது.

இந்தக் கவலை பேசப்படும் ஊர்களில் ஒன்று கரமனை, திருவனந்தபுரம் நகரின் ஒரு பகுதி. கரமனையாற்றின் கரையில், நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இங்குள்ள அக்ரகாரத் தெருக்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் புழங்குவதால் பல்லைப் பற்றிய பேச்சும் கலந்தே வரும். தமிழ்நாட்டார் ‘கிளிப் போடணும்’ என்பதை இங்கே ‘கம்பி இடணும்’ என்பார்கள். எடுப்பான பல்லுக்குக் ‘கோந்திரம் பல்லு’ என்ற மலையாளச் சொல்லும் வீட்டுப் பேச்சில் நுழைந்துவிட்டது. பாட்டிமார் சொல்லும் எச்சரிக்கை ஒன்று தமிழ் வீடுகள் எங்கும் பொது: “விழுந்த இடத்தை நாக்கால தொடாதே, பல்லு கோணலா முளைக்கும்.” விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவதும் அப்படியே. நாக்கு தொட்டதால் எந்தப் பல்லும் கோணுவதில்லை. உள்ளே தள்ளி முளைத்த கீழ்ப்பல்லை முன்னுக்குத் தள்ளி வரிசையில் சேர்ப்பதே நாக்குதான்.

இடக் கணக்கு

பால் பற்கள் 20, நிரந்தரப் பற்கள் 32. எண்ணிக்கையைவிட அளவுதான் இங்கே முக்கியம். மேல் நடு வெட்டுப் பல்லின் பால் பல் ஏறத்தாழ 6.5 மி.மீ. அகலம், அதே இடத்தில் வரும் நிரந்தரப் பல் ஏறத்தாழ 8.5 மி.மீ. நான்கு முன்பற்களையும் சேர்த்துப் பார்த்தால் மேல்தாடையில் சுமார் 7 மி.மீ., கீழ்த்தாடையில் 5 முதல் 6 மி.மீ. வரை இடம் குறைகிறது. ஏழு வயதுக் குழந்தையின் சின்ன முகத்தில் பெரியவர் அளவுப் பல் வந்து நிற்பதால்தான் அது அவ்வளவு பெரிதாகவும் நெருக்கமாகவும் தோன்றுகிறது.

குறைந்த இடத்தை உடம்பு மூன்று வழியில் ஈடுகட்டுகிறது. பால் பற்களுக்கு நடுவே முன்பே இருந்த இடைவெளிகள் ஒன்று. கோரைப் பற்களுக்கு இடையே தாடை சற்று அகலமாவது இன்னொன்று. புது முன்பற்கள் பழையவற்றைவிட முன்சாய்ந்து முளைப்பது மூன்றாவது. எனவே நான்கு ஐந்து வயதில் பால் பற்கள் இடைவெளியோடு இருப்பது நல்ல அறிகுறி. இடுக்கே இல்லாமல் நெருக்கமாக நிற்கும் பால் பற்களைப் பார்த்து ‘முத்துப் பல்’ என்று நாம் மெச்சுகிறோம். பின்னாளில் நெரிசல் வர வாய்ப்பு அதிகமுள்ள வாய் அதுதான். எட்டு வயதில் கீழ் முன்பற்களில் 2 மி.மீ. வரை நெரிசல் இருப்பது சாதாரணம். அதற்காக அந்த வயதில் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

புதுப் பல் மஞ்சளாக இருக்கிறதே என்ற கவலையும் இதே வயதில் வரும். நிரந்தரப் பல் இயல்பிலேயே பால் பல்லைவிடச் சற்று மஞ்சள். அதன் விளிம்பில் தெரியும் மூன்று சிறு மேடுகளும் கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும்.

இரட்டை வரிசை

ஆறு ஏழு வயதில் பெற்றோரை முதலில் பதறவைப்பது கீழ் முன்பற்களின் இரட்டை வரிசை. பால் பல் இன்னும் ஆடக்கூட இல்லை, அதன் பின்னால் நாக்குப் பக்கமாகப் புதுப் பல் தலைகாட்டிவிடும். கீழ் நிரந்தர முன்பற்களின் கரு பால் பல் வேருக்கு உட்புறத்தில் இருப்பதால் இப்படி நேர்கிறது. பால் பல் ஆடத் தொடங்கியிருந்தால், குழந்தையே தினமும் ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். பெரும்பாலும் அது விழுந்துவிடும், புதுப் பல்லை நாக்கு முன்னே தள்ளிக்கொண்டு வரும். புதுப் பல் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, பால் பல் அசையவே இல்லை, மாதங்கள் கடந்துவிட்டன என்றால் பால் பல்லை எடுத்துவிடலாம். அது மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு சில நிமிடங்களில் முடியும் சிறு வேலை.

இந்தக் கவலை மிகப் பழையது. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் கெல்சஸ் தம் மருத்துவ நூலில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: முதல் பல் விழுமுன் இரண்டாம் பல் முளைத்தால் பழையதை எடுத்துவிட்டு, புதியதைத் தினமும் விரலால் உரிய இடம் நோக்கித் தள்ள வேண்டும்.

மேல்தாடையில் இரட்டை வரிசை வந்தால் இவ்வளவு பொறுமை கூடாது. பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் மேல் முன்பல், கடிக்கும்போது கீழ்ப்பல்லுக்கு உட்புறமாகப் போய் மாட்டிக்கொள்ளக்கூடும். மாட்டிய பல்லைக் கடியே ஒவ்வொரு முறையும் இன்னும் உள்ளே தள்ளும். தானாகச் சரியாக வழியில்லை.

நடுவில் இடைவெளி

எட்டு முதல் பதினொரு வயது வரை மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவில் இடைவெளியோடு நிற்பது இன்னொரு இயல்பான கட்டம். 1931இல் தலை எக்ஸ்ரேயை அளவெடுக்கும் முறையை அமைத்த அமெரிக்கப் பல்மருத்துவர் ஹாலி பிராட்பென்ட் இதை விளக்கினார். எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப் பல்லின் தலை, பக்கத்துப் பல்லின் வேரை உள்நோக்கி அழுத்துகிறது. அதனால் அந்தப் பல்லின் முனை வெளிப்பக்கம் சாய்கிறது. கோரைப் பல் 11, 12 வயதில் வெளிவந்ததும் அழுத்தம் நீங்கிப் பற்கள் நெருங்குகின்றன. 2 மி.மீ. வரையிலான நடு இடைவெளி பெரும்பாலும் இப்படி மூடிக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் கம்பி கட்டிப் பற்களை நெருக்குவது நல்லதல்ல. இறங்கி வரும் கோரைப் பல்லின் பாதையில் பக்கத்துப் பல்லின் வேரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த வேர் கரையக்கூடும். மேலுதட்டை ஈறோடு பிணைக்கும் சவ்வு தடித்திருக்கிறது என்று எட்டு வயதிலேயே அதை வெட்டச் சொல்வதையும் ஏற்கத் தயங்க வேண்டும்; கோரைப் பல் வரும்வரை அந்த முடிவைத் தள்ளிப்போடலாம். இடைவெளி மிகப் பெரிது என்றால் மட்டும் எக்ஸ்ரே எடுத்து, நடுவே கூடுதல் பல் ஒன்று ஒளிந்திருக்கிறதா, பக்கத்துப் பல் பிறவியிலேயே இல்லையா என்று பார்க்கிறார்கள்.

பின்பக்கப் பால் பல்

ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. ஒன்றும் விழாததால் பல வீடுகளில் இதுவும் பால் பல் என்றே எண்ணுகிறார்கள். சொத்தை வந்தாலும் ‘விழப்போற பல்லுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

இதற்கு முன்னுக்கு நகரும் இயல்பு உண்டு. அதை முன்னே வரவிடாமல் நிறுத்தி வைப்பது இரண்டாம் பால் கடைவாய்ப் பல். அந்தப் பால் பல் 10 முதல் 12 வயதில் விழ வேண்டியது. ஏழு வயதிலேயே சொத்தையாகி உடைந்தாலோ, வலி தாங்காமல் பிடுங்கப்பட்டாலோ, பின்னாலிருக்கும் பல் அந்தக் காலியிடத்தில் சாய்ந்து நகர்ந்துவிடும். நான்கைந்து ஆண்டு கழித்து அந்த இடத்துக்குரிய நிரந்தர முன்கடைவாய்ப் பல் வரும்போது அதற்கு இடம் இருக்காது. அது ஈறுக்குள்ளேயே அடைபடும், அல்லது நாக்குப் பக்கம் முளைக்கும். மேல்தாடையில் கடைசியாக மாறி வரும் கோரைப் பல் இடமின்றி உதட்டுப் பக்கம் துருத்தித் தெத்துப் பல்லாக நிற்கும்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. கீழ் இரண்டாம் பால் கடைவாய்ப் பல் ஏறத்தாழ 10 மி.மீ. அகலம், அதற்குப் பதிலாக வரும் நிரந்தரப் பல் ஏறத்தாழ 7 மி.மீ.தான். கோரைப் பல்லும் பால் கடைவாய்ப் பற்களும் மாறி முடியும்போது கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு 1.7 மி.மீ., மேல்தாடையில் 0.9 மி.மீ. இடம் மிஞ்சுகிறது என்று 1947இல் பல்சீரமைப்பு மருத்துவர் ஹேஸ் நான்ஸ் கணக்கிட்டார். எட்டு வயதில் நெரிசலாகத் தெரிந்த முன்பற்களை விடுவிக்க இயற்கை சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. பால் கடைவாய்ப் பல்லைச் சொத்தைக்குக் கொடுத்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் போய்விடுகிறது.

ஆகவே பால் பல்லில் சொத்தையை அடைப்பதும், வேர்ச்சிகிச்சை செய்து எஃகு உறை போடுவதும் வீண் செலவல்ல. பல்லைக் காப்பாற்ற முடியாமல் எடுத்துவிட்டால் இடங்காப்புக் கருவி வைக்கலாம். காலியிடத்துக்குப் பின்னுள்ள பல்லில் ஒரு வளையம், அதிலிருந்து முன்னுள்ள பல்லைத் தொடும் ஒரு கம்பிக் கொக்கி. பெரும்பாலும் இவ்வளவுதான் அந்தக் கருவி. பிடுங்கிய சில மாதங்களிலேயே இடம் சுருங்கத் தொடங்குவதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கம், இரவில் பிஸ்கட், மிட்டாய் தின்றபின் வாய் கொப்பளிக்காமல் படுப்பது ஆகியவற்றில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. ஏழெட்டு வயது வரை இரவுப் பல் துலக்கலைப் பெரியவர்தான் செய்துவிட வேண்டும். அந்த வயதுக் குழந்தையின் கை கடைவாய் வரை சரியாகப் போவதில்லை.

காத்திருக்கக் கூடாதவை

மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடிப்பது, அல்லது பக்கவாட்டில் மேல்பற்கள் உட்புறம் அமர்ந்து வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் நகர்வது: இரண்டையும் பார்த்தவுடன் காட்ட வேண்டும். வளரும் தாடையே கோணலாகப் பழகிவிடக்கூடும். ஒரு பக்கப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் அதன் இணைப் பல் வராதது, கீழ்த்தாடை முன்னுக்கு நிற்பது, ஆறு வயதில் வரும் நிரந்தரக் கடைவாய்ப் பல் பால் பல்லின் அடியில் சிக்கி நிற்பது ஆகியவையும் இந்த வகையே.

பத்து வயதில் மேல் கோரைப் பல்லின் இடத்தை மருத்துவர் விரலால் தடவிப் பார்ப்பார். ஈறுக்கு மேலே உதட்டுப் பக்கம் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் பல் அண்ணத்தின் பக்கம் வழி தவறிப் போயிருக்கக்கூடும். 1988இல் சுவீடனின் எரிக்சனும் குரோலும் இத்தகைய 46 பற்களைத் தொடர்ந்து கவனித்தனர். பால் கோரைப் பல்லை மட்டும் எடுத்துவிட்டதில் 36 பற்கள் தம் சரியான வழிக்குத் திரும்பின. காலத்தில் பார்த்தால் பல நேரம் அறுவைச் சிகிச்சையே வேண்டியிருக்காது என்பதை இது சுட்டுகிறது.

விரல் சூப்புவது நான்கு வயதுக்குள் நின்றுவிட்டால் பெரிய சேதமில்லை. நிரந்தர முன்பல் வரும்வரை தொடர்ந்தால் மேல்பல் எடுப்பாகும், முன்கடியில் திறப்பு விழும். கசப்பான கற்றாழைப் பாலான சென்னிநாயகத்தைத் தடவி நிறுத்தும் வழக்கம் கரமனைப் பக்கம் உண்டு. ஏக்கத்தினாலோ பயத்தினாலோ சூப்பும் குழந்தைக்குக் கசப்பைவிட அருகில் இருக்கும் ஆள்தான் உதவுவார். எப்போதும் வாய் திறந்தே மூச்சு விடும், குறட்டை விடும் குழந்தையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சைக்கு உரிய வயது

ஏழு வயதில் ஒருமுறை பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அது பார்ப்பதற்கான வயது, கம்பி கட்டுவதற்கானது அல்ல. முழுமையான கம்பிச் சிகிச்சை பெரும்பாலும் 11 முதல் 13 வயதில் தொடங்கி ஒன்றரை முதல் இரண்டாண்டு நீளும். எடுப்பான மேல்பல்லுக்கு எட்டு வயதிலேயே தொடங்கினால் கூடுதல் பயன் உண்டா என்பதை 2013இல் பத்ரி திருவேங்கடாச்சாரியும் குழுவினரும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் ஆராய்ந்தனர். விழுந்து அடிபட்டுப் பல் உடைவது குறைகிறது. மற்றபடி வளரிளம் பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்வதைவிட மேலான பலன் இல்லை என்பது அவர்கள் கண்டது. ஏழு வயதுக் குழந்தைக்கு உடனே இரண்டு கட்டச் சிகிச்சை வேண்டும் என்று யாரேனும் சொன்னால், எதற்காக, தள்ளிப்போட்டால் எது கெடும் என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

திருவனந்தபுரம் அரசு பல்மருத்துவக் கல்லூரி 1959இல், கேரளம் உருவாகி மூன்றாண்டில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொடங்கப்பட்டது. குழந்தைப் பல்மருத்துவத்துக்கும் பல்சீரமைப்புக்கும் அங்கே தனித்தனித் துறைகள் உள்ளன. கரமனைக்காரர் நகரைக் கடந்து வடபகுதிக்குப் போக வேண்டும். 1956 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தவரும் பழைய உறவின் வழியே இந்த வளாகத்துக்கு வருகிறார்கள். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டப் பரிசோதனையில் பற்சொத்தையும் ஒரு பிரிவு. பரிசோதனைச் சீட்டில் ‘பல்’ என்று குறித்து அனுப்பினால் பின்பக்கப் பால் பல்லைத்தான் முதலில் காட்ட வேண்டும். கம்பிச் சிகிச்சை எங்கே நடந்தாலும், கம்பி கழற்றிய பிறகும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும். எனவே நிலைநிறுத்தும் தட்டை, முதலில் பகலிலும் இரவிலும் பிறகு இரவில் மட்டும், மருத்துவர் சொல்லும் காலம் வரை அணிய வேண்டியிருக்கும்.