நவம்பர் முதல் நாள்: ஒரு தேதியும் அதன் பல பெயர்களும்

ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாளில் பெங்களூரின் வீதிகளில் மஞ்சளும் சிவப்புமான கொடி ஏறுகிறது. அன்று திருவனந்தபுரத்தில் கேரளப் பிறவி கொண்டாடப்படுகிறது. நாகர்கோவிலில் குமரிப் பகுதி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள் நினைவுகூரப்படுகிறது. பெளகாவியில் மராத்தி பேசுவோரில் ஒரு சாரார் அதனைக் கறுப்பு நாளாகக் கொள்கின்றனர். இந்நான்கிற்கும் மூலம் ஒரே சட்டமாகும். நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகத் தொகுக்கும் நூல்களில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவ்வடுக்கு இவற்றுக்கிடையே உள்ள உறவின் தன்மையைக் காட்டுவதில்லை. அவ்வுறவை, அந்நாளுக்கு வழங்கும் பெயர்களின் வழியாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே தேதியில் நிகழ்ந்தவை அனைத்தும் ஒரே வகையால் ஒன்றுபட்டவை அல்ல. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா அரசியின் அறிக்கையை அலகாபாத்தில் கானிங் பிரபு வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடியாட்சியின் கைக்கு மாறியதை அது அறிவித்தது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய பகுதிகளின் நிருவாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு வந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன், அக்டோபர் 18 அன்று, கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்திருந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் 1956ஆம் ஆண்டின் நிகழ்ச்சியோடு தேதியால் ஒத்தது தற்செயல் எனலாம்.

1956 நவம்பர் 1 அவ்வாறன்று. பசல் அலி, பணிக்கர், குன்சுரு ஆகியோரைக் கொண்ட ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. அதன் வழிவந்த மாநில மறுசீரமைப்புச் சட்டம் நவம்பர் முதல் நாளைக் ‘குறித்த நாள்’ என வரையறுத்தது. அன்று 14 மாநிலங்களும் 6 ஒன்றிய ஆட்சிப் பகுதிகளும் நடைமுறைக்கு வந்தன. பஞ்சாபின் பிரிவினை (1966), சத்தீசுகரின் தோற்றம் (2000) ஆகியனவும் நவம்பர் முதல் நாளிலேயே அமைந்தன. மாதத்தின் முதல் நாளை ஆட்சியாளர்கள் விரும்புவதற்குக் கணக்கு வசதியும் ஒரு காரணம் எனக் கருதலாம். ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1 அன்றும், மகாராட்டிரமும் குசராத்தும் 1960 மே 1 அன்றும் அமைந்தமை இதற்கு அரண் செய்யும். எனினும் சார்க்கண்டு தோன்றிய 2000 நவம்பர் 15 பிர்சா முண்டாவின் பிறந்த நாளாகும். வேண்டும் என்று நினைத்தால் அரசு பொருளுடைய நாளைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

ஆக, 1956இன் தேதி தன்னளவில் எப்பொருளும் அற்றது. அதற்குப் பொருள் தந்தவை மொழிச் சமுதாயங்களே. அப்பொருள் அவை சூட்டிய பெயர்களில் பதிந்துள்ளது.

கன்னடத்தில் வழங்கும் சொல் ‘ஏகீகரணம்’. ஒன்றாக்குதல் என்பது பொருள். முன்பு ஒன்றாயிருந்து சிதறியது மீண்டும் சேர்ந்தது என்னும் வரலாற்றுக் கொள்கை இச்சொல்லினுள் அடங்கியுள்ளது. ஆலூர் வேங்கடராயர் முதலானோர் வளர்த்த கொள்கை இது. கன்னடம் பேசுவோர் மைசூர், பம்பாய், ஐதராபாத், சென்னை, குடகு என ஐந்து ஆட்சிப் பகுதிகளில் பிரிந்திருந்தமையால் அச்சொல் மிகையன்று. மலையாளத்தில் ‘பிறவி’ என்பது பெயர். அங்கும் ‘ஐக்கிய கேரளம்’ என்ற இயக்கம் இருந்தது. ஆயினும் நாளின் பெயராக ஒருமை நிலைபெறாமல் பிறப்பே நிலைபெற்றது. தெலுங்கில் ‘அவதரணம்’ என்றனர். 2014 சூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலமான பின், எந்நாளை அவதரண நாளாகக் கொள்வது என்ற கேள்வி ஆந்திரத்தில் எழுந்தது.

இங்கு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. பெளகாவியில் கறுப்பு நாள் அனுசரிக்கும் அமைப்பின் பெயர் மகாராட்டிர ஏகீகரண் சமிதி. பெங்களூரில் விழாவுக்குரிய அதே சொல் அங்கே எதிர்ப்புக்குரிய சொல்லாகிறது. ஒருவர் ஒன்றாக்குவது மற்றவருக்குப் பிரிவாகிறது. கன்னடியரும் இத்துன்பத்தை அறியாதவர் அல்லர்; தென் கன்னட மாவட்டத்தின் காசர்கோடு அதே நாளில் கேரளத்திற்குச் சென்றது. அதன் ஒரு பகுதியை மைசூருக்கு அளிக்கலாம் என்ற மகாசன் ஆணையத்தின் பரிந்துரை (1967) நிறைவேறவில்லை.

தமிழில் நிலைமை வேறு. ‘இணைப்பு’, ‘மீட்பு’, ‘இழப்பு’ எனப் பல சொற்கள் ஒருங்கே வழங்குகின்றன. அவற்றுள் எதுவும் முழுத் தமிழகத்திற்கும் உரிய விழாப் பெயராகவில்லை. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. நேசமணி முதலானோர் நடத்திய அப்போராட்டத்தில் 1954 ஆகத்து 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோர் உண்டு. செங்கோட்டைப் பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. மலபார் கேரளத்திற்கும், கோயமுத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்கும் சென்றன. குமரியில் அந்நாள் வெற்றி. தேவிகுளத்துத் தமிழருக்கு ஏமாற்றம். சென்னைக்கோ பரப்புக் குறைந்த நாள்.

பெயர் மாற்றத்தையும் இங்கு ஒப்பிட வேண்டும். விரிந்த மாநிலத்திற்கு 1956இல் ‘மைசூர்’ என்ற பழைய பெயரே நீடித்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், தேவராஜ் அர்சு முதலமைச்சராயிருந்தபோது, ‘கர்நாடகம்’ என்ற பெயர் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1973 நவம்பர் 1. இது தற்செயலன்று, நிலம் சேர்ந்த நாளும் பெயர் பெற்ற நாளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. தமிழகத்தில் இவை பிரிந்து நின்றன. ‘தமிழ்நாடு’ என்ற பெயரையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டு உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று, மறுசீரமைப்புக்குப் பத்தொன்பது நாள்களுக்கு முன், உயிர்நீத்தார். சட்டமன்றத் தீர்மானம் 1967 சூலை 18இலும், பெயர் மாற்றம் 1969 சனவரி 14இலும் அமைந்தன. இதன் விளைவு அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிப்பட்டது. 2019இல் தமிழ்நாடு அரசு நவம்பர் 1ஐத் ‘தமிழ்நாடு நாள்’ என்றது; 2021இல் வந்த அரசு அதனை சூலை 18க்கு மாற்றியது. இதனைக் கட்சி வேறுபாடாக மட்டும் காண்பது போதாது. ஒரு நாள் எல்லையைக் குறிக்கிறது, மற்றொன்று பெயரைக் குறிக்கிறது. எல்லையைக் குறிக்கும் நாளில் இழப்பும் கலந்திருப்பதால் அதனைக் கொண்டாடத் தயங்குவோரின் வாதத்தில் நியாயம் உண்டு. குமரி மக்களின் வாதத்திலும் நியாயம் உண்டு.

பெங்களூர்த் தமிழரின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. அல்சூர், சிவாஜிநகர் ஆகிய தண்டுப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்துவரும் அவர்களுக்கு 1956இல் எல்லை எதுவும் நகரவில்லை. முந்தைய நாளும் மைசூர் மாநிலமே, மறுநாளும் மைசூர் மாநிலமே. மாறியது மாநிலத்தின் அடிப்படை. அரச மரபொன்றின் வழிவந்த நிலப்பரப்பில் இருந்தோர், ஒரு மொழியின் பெயரால் அமைந்த நிலப்பரப்பில் சிறுபான்மையினர் ஆயினர். இம்மாற்றத்தைக் குறிக்கத் தமிழில் தனிச் சொல் உருவாகவில்லை. இராச்சியோற்சவம் என்ற கன்னட வழக்கையே அவர்களும் எடுத்தாள்கின்றனர்.

இந்நகரின் பெயரும் இதே தேதியில் மாறியது. யு. ஆர். அனந்தமூர்த்தி 2005இல் முன்வைத்த கருத்து, அவர் மறைந்து சில வாரங்களுக்குப் பின், 2014 நவம்பர் 1 அன்று நடைமுறையாயிற்று. பன்னிரு நகரங்கள் அன்று கன்னட வடிவம் பெற்றன. தமிழ் இதழ்களும் ‘பெங்களூரு’ என எழுதத் தொடங்கின. ஊர் என்பது எழுத்துத் தமிழில் ரகர ஒற்றில் முடியும். கன்னடத்தில் உகரம் பெறும். எனினும் பேச்சுத் தமிழில் ஊர் ‘ஊரு’ என்றே ஒலிக்கிறது. அல்சூரில் அரசாணைக்கு நெடுங்காலம் முன்பே தமிழரும் இந்நகரைப் பேச்சில் ‘பெங்களூரு’ என்றுதான் சொல்லிவந்தனர்.