குர்னிக் ஸாப்ஷெ

குர்னிக் ஸாப்ஷெ போலந்தின் தெற்கில், மேல் சிலேசியா நிலக்கரி வட்டாரத்திலுள்ள ஸாப்ஷெ நகரின் தொழில்முறைக் கால்பந்துக் கழகம். ‘குர்னிக்’ என்ற போலியச் சொல்லுக்குச் சுரங்கத் தொழிலாளி என்று பொருள். கழகத்தின் நிறங்கள் வெள்ளை, நீலம், சிவப்பு. 14 முறை நாட்டின் லீக் பட்டத்தையும் 6 முறை போலந்துக் கோப்பையையும் வென்றது. ஐரோப்பியக் கோப்பைப் போட்டியொன்றின் இறுதியாட்டம் வரை சென்ற முதல் போலந்துக் கழகமும் இதுவே.

1945 வரை ஸாப்ஷெ ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போரின்போது அதற்கு ஹிண்டன்பர்க் என்று பெயர் மாற்றியிருந்தனர். இன்று குர்னிக் ஆடும் ரூஸ்வெல்ட் தெரு அரங்கம் 1934இல் நாஜி ஆட்சியில் கட்டப்பட்டது. முதலில் ஹிட்லரின் பெயரையே தாங்கி நின்றது. போருக்குப் பின் ஜெர்மானியர் பலர் வெளியேற, போலந்து இழந்த கிழக்கு நிலங்களிலிருந்து புதிய மக்கள் வந்து குடியேறினர். பழைய சிலேசியக் குடும்பங்களும் அவர்களும் கலந்து வாழ்ந்த இந்நகரில் 1948 டிசம்பர் 14 அன்று குர்னிக் தோன்றியது. சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதையான பார்பராவின் திருநாள் கழிந்து அது பத்தாம் நாள். வட்டாரத்தின் சிறு கழகங்கள் பல இணைந்து உருவானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தெந்தக் கழகங்கள் என்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை. பெரும்பாலானவை நான்கு பெயர்களைச் சொல்கின்றன.

அக்காலப் போலந்தில் தொழில்முறை விளையாட்டு என்று ஒன்று சட்டப்படி கிடையாது. ஆட்டக்காரர்கள் சுரங்கங்களின் சம்பளப் பட்டியலில் இருந்தபடி பந்தாடினார்கள். நாட்டின் அந்நியச் செலாவணிக்கு நிலக்கரியே ஆதாரமாக இருந்ததால், சுரங்கத்தின் ஆதரவு பெற்ற கழகத்துக்கு வீடும் வசதியும் தடையின்றிக் கிடைத்தன. 1956இல் முதல் பிரிவில் அடியெடுத்து வைத்த அணி மறு ஆண்டே லீக் பட்டத்தை வென்றது.

அந்த அணியின் பெருமை எர்னெஸ்ட் போஹ்ல். பிறப்பில் எர்ன்ஸ்ட், ஜெர்மன் வாடை வீசும் குடும்பப் பெயரைப் பத்திரிகைகள் ‘பொல்’ என்று போலியமாக்கி அச்சிட்டன. ஒரே மனிதரின் பெயர் பழைய ஏடுகளில் இருவகையாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இராணுவச் சேவையின்போது தலைநகர்க் கழகமான லேகியாவில் ஆடிவிட்டு 1957இல் ஸாப்ஷெ வந்தார். போலந்து முதல் பிரிவில் அவர் அடித்த 186 கோல்கள் இன்றும் முறியாத சாதனை. பிற்காலத்தில் ஜெர்மனியில் குடியேறி 1995இல் அங்கேயே இறந்தார். முதலில் ஹிட்லர் பெயர் கொண்டிருந்த அதே அரங்கம் 2005 முதல் போஹ்லின் பெயரால் வழங்குகிறது.

1959, 1961 ஆண்டுகளிலும் பட்டம் வந்தது. 1961 செப்டம்பரில் இங்கிலாந்தின் டாட்டன்ஹம் அணியை 4-2 என வென்றுவிட்டு, ஒரே வாரத்தில் லண்டனில் 8-1 எனத் தோற்றார்கள். பிறகு 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள்; 1968 முதல் 1972 வரை தொடர்ந்து ஐந்து போலந்துக் கோப்பைகள்.

1963இல் அணிக்கு வந்தவர் விவோஜிமியேஷ் லுபான்ஸ்கி. அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று ஷ்செச்சினில் நார்வேயை 9-0 என வென்ற நாட்டணியில், 16 வயதும் 188 நாளும் நிறைந்த அவரும் ஒரு கோல் அடித்தார். 1966 முதல் 1969 வரை நான்கு பருவங்களில் தொடர்ந்து லீக்கில் அதிகக் கோல் அடித்தவரும் அவரே. ஹங்கேரியப் பயிற்சியாளர் கேசா கலோச்சாய் காலத்தில், 1967-68 ஐரோப்பியக் கோப்பையில், குர்னிக் கீவ் நகரின் டைனமோவை வெளியேற்றிக் காலிறுதிக்குச் சென்றது. அங்கே மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-0 எனத் தோற்று, பனி மூடிய ஹோஜூவ் மைதானத்தில் 1-0 என வென்றும் போதவில்லை. யுனைடெட் அவ்வாண்டு கோப்பையையே வென்றது. பெரிய ஆட்டங்களைப் பக்கத்து ஊரான ஹோஜூவின் சிலேசிய அரங்கில் நடத்தியதற்குக் காரணம், அங்கே லட்சம் பேர் கூட இடமிருந்தது.

குர்னிக்கின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது 1969-70 பருவம். கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் ஒலிம்பியாகோஸ் முதலில் வீழ்ந்தது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் ஸாப்ஷெ அணியிடம் இரு ஆட்டங்களிலும் 3-1 எனத் தோற்றது. கிளாஸ்கோ ஆட்டம் முடிந்த கையோடு அவர்களின் மேலாளர் பதவி இழந்தார். லெவ்ஸ்கி சோஃபியாவை வெளியூர்க் கோல் கணக்கில் கடந்தார்கள். அரையிறுதியில் ரோமா. ரோமில் 1-1. ஹோஜூவில் ஏப்ரல் 15 அன்று ரோமா பெனால்டியில் முந்தியது. 90ஆம் நிமிடத்தில் லுபான்ஸ்கி பெனால்டியில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் அடித்தார். இனி வென்றாயிற்று என்ற கடைசி நொடியில் ரோமா மீண்டும் சமன் செய்தது. மூன்றாவது ஆட்டம் ஏப்ரல் 22 அன்று பொதுவிடமான ஸ்ட்ராஸ்பூரில். லுபான்ஸ்கி ஒன்று, ரோமாவின் ஃபாபியோ கப்பெல்லோ பெனால்டியில் ஒன்று. கூடுதல் நேரமும் கழிந்தது, மறுபடி 1-1.

ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆடியும் தீராத வழக்கை நடுவர் காசு சுண்டித் தீர்த்தார். நாணயம் என்றே பல நூல்கள் எழுதுகின்றன. ஒரு பக்கம் பச்சையும் மறு பக்கம் சிவப்புமான வட்டத் தகடு என்பது பரவலான மற்றொரு செய்தி. அணித்தலைவர் ஸ்தனிஸ்வாவ் ஓஷ்லிஸ்வோ பச்சையைக் கேட்டார், பச்சையே விழுந்தது என்று சொல்வார்கள். அவர் துள்ளிக் குதித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு முடிவு தெரிந்தது. வர்ணனையாளர் யான் சிஷெவ்ஸ்கி அந்நேரம் எழுப்பிய கூக்குரலைப் போலந்தில் அரை நூற்றாண்டு கடந்தும் ஒலிபரப்புகிறார்கள். காசு சுண்டும் முறைக்குப் பதிலாகப் பெனால்டி உதைகளை விதியாக ஏற்றது சுமார் இரண்டு மாதங்கள் கழித்துத்தான்.

ஏப்ரல் 29 அன்று வியன்னாவின் பிராட்டர் அரங்கில் இறுதியாட்டம். எதிரணி மான்செஸ்டர் சிட்டி. கூரையில்லாத அரங்கில் மழை கொட்டியது. வந்திருந்தவர்கள் எண்ணாயிரத்துக்கும் குறைவு. அன்றைக்கு ஒரு போலந்து ரசிகர் எல்லை தாண்டிப் போவது எளிதன்று. இங்கிலாந்திலோ அதே மாலையில் உள்நாட்டுக் கோப்பையின் மறு இறுதியாட்டம் நடந்தது. நீல் யங் 12ஆம் நிமிடத்திலும் பிரான்சிஸ் லீ இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டியிலும் அடித்தனர். 68ஆம் நிமிடத்தில் ஓஷ்லிஸ்வோ ஒன்று திருப்பினார். 2-1. ஹோஜூவில் ஒரு லட்சம் பேர் முன் ஆடிப் பழகியவர்களின் மிகப் பெரிய ஆட்டம் காலி இருக்கைகளின் முன் முடிந்தது. மறு பருவம் அதே போட்டியின் காலிறுதியில் இரு அணிகளும் மீண்டும் மோதின. ஆளுக்கு ஒரு 2-0 வெற்றி. கோபன்ஹேகனில் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் சிட்டி 3-1 என வென்றது.

1971, 1972 இரண்டிலும் லீக்கும் கோப்பையும் சேர்ந்தே வந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நாட்டணியில் லுபான்ஸ்கியும் கோல்காப்பாளர் ஹூபர்ட் கோஸ்த்காவும் இருந்தனர். 1973 ஜூன் 6 அன்று ஹோஜூவில் இங்கிலாந்தைப் போலந்து 2-0 என வென்றது. முதல் கோல் குர்னிக்கின் யான் பனாஷுடையதா, லேகியாவின் கடோகாவுடையதா என்பதில் இன்றும் பதிவுகள் வேறுபடுகின்றன. இரண்டாவது ஐயமின்றி லுபான்ஸ்கியுடையது. அதை அடித்த சில நிமிடங்களில் அவர் முழங்காலில் பலத்த காயமடைந்தார். மறு ஆண்டு உலகக் கோப்பையில் போலந்து மூன்றாமிடம் பெற்றபோது அவர் ஆடவில்லை. 1975இல் பெல்ஜியத்தின் லோக்கெரனுக்குச் சென்றார். நாட்டணிக்காக அவர் அடித்த 48 கோல்களின் சாதனையை லெவன்டோவ்ஸ்கி முறியடித்தது 2017இல்.

1978இல் கழகம் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, ஓராண்டில் மீண்டது.

1985 முதல் 1988 வரை மீண்டும் தொடர்ந்து நான்கு பட்டங்கள். முதல் இரண்டில் பயிற்சியாளர் கோஸ்த்கா. கழகத்தின் இதுவரையான கடைசிப் பட்டம் 1988இல் வந்தது. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஐரோப்பியக் கோப்பையில் ரியல் மாட்ரிட்டிடம் 0-1, 2-3 எனத் தோற்றார்கள்.

1994 ஜூனில் பருவத்தின் கடைசி நாளன்று, வார்சாவில் லேகியாவை வென்றால் பட்டம் என்ற நிலை இருந்தது. குர்னிக் ஆட்டக்காரர் மூவர் சிவப்பு அட்டை பெற்றனர். 1-1 என முடிந்து பட்டம் லேகியாவுக்குப் போனது. நடுவரின் முடிவுகள் குறித்து ஸாப்ஷெயில் ஒரு கருத்தும் வார்சாவில் வேறு கருத்தும் உண்டு.

2009, 2016 ஆண்டுகளிலும் அணி இறங்கியது. இரு முறையும் மறு ஆண்டே திரும்பியது. அரங்கத்தின் புதிய பார்வையாளர் பகுதிகள் திறக்கப்பட்டதும் 2016இல்தான். அவ்வாண்டு இறுதியில் நகரின் கடைசிப் பெரிய நிலக்கரிச் சுரங்கமான மகோஷோவி மூடப்பட்டது. 2018இல் நான்காமிடம் பெற்றுக் கழகம் ஐரோப்பியப் போட்டிகளின் தகுதிச் சுற்றுக்குத் திரும்பியது.

பக்கத்து ஊரான கிளிவிட்சேயில் பிறந்து, இரண்டு வயதில் ஜெர்மனி சென்று, 2014இல் அந்நாட்டுக்காக உலகக் கோப்பை வென்ற லூக்காஸ் பொடோல்ஸ்கி 2021இல் குர்னிக்கில் சேர்ந்தார். என்றாவது ஒருநாள் இங்கே ஆடுவேன் என்று அதற்கு முன் பலமுறை சொல்லியிருந்தார். 1980களின் பட்டங்களில் மூன்றைப் பெற்றுத் தந்த அணியில் ஆடியவரும், பின்னர் கழகத்தின் பயிற்சியாளராகப் பணியாற்றியவருமான யான் உர்பன் 2025 ஜூலையில் போலந்து நாட்டணியின் பயிற்சியாளரானார்.