மகரவிளக்குக்குச் சென்ற மலைவழி

தென்காசிக்கு வடகிழக்கே அனுமன் நதிக்கரையில் உள்ள ஆய்க்குடி, 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இல்லை. திருவிதாங்கூரின் செங்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. பேச்சு தமிழ், தீர்வை போனதோ மலைக்கு மேற்கே இருந்த அரசுக்கு. சாம்பவர் வடகரை, கிளாங்காடு, புளியரை ஆகிய ஊர்களும் அப்படித்தான். மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது செங்கோட்டை வட்டத்தின் கிழக்குப் பகுதி தமிழகத்துக்கு வந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. அதற்கு முன்போ பின்போ, இந்த ஊர்க்காரர்களுக்கு மலை ஒருநாளும் எல்லைச் சுவராக இருந்ததில்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, விரதமிருந்து, தலையில் இருமுடியோடு காட்டைத் தாண்டிச் சபரிமலைச் சாஸ்தாவான ஐயப்பனைப் பார்க்கப் போனவர்களின் வழி இவ்வூர்களை ஒட்டியே சென்றது. அந்த வழியில் இரவு தங்கலும் நெருப்பும் வெடியும் நாயும் எப்படி இடம்பெற்றன, பிறகு அவை எப்படி மாறின என்பது தனியாகச் சொல்லத்தக்க வரலாறு.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்காசிக்கு மேற்கே தணிந்து, மக்கள் கடந்து செல்ல இடம் தருகிறது. செங்கோட்டை, புளியரை வழியாக ஏறினால் ஆரியங்காவு, அதற்கப்பால் குளத்துப்புழை. பண்பொழி, மேக்கரை வழியாக ஏறினால் அச்சன்கோவில். மூன்றிலும் சாஸ்தா இருக்கிறார்: குளத்துப்புழையில் பாலகனாக, ஆரியங்காவில் இளைஞராக, அச்சன்கோவிலில் பூரணை புஷ்கலையோடு இல்லறத்தாராக. சபரிமலைக்குப் போகும் தென்மாவட்டத்தார் பலர் இந்த மூன்றையும் தொழுதே மேலே போவார்கள். ஆரியங்காவில் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் பெண்வீட்டாராக மதுரைச் சௌராஷ்டிரச் சமூகத்தார் இன்றும் சீர் கொண்டு வருகிறார்கள். பந்தளம் அரச குடும்பமும் தன்னை மதுரையிலிருந்து மலை தாண்டி வந்த பாண்டியர் கிளையாகவே சொல்லிக்கொள்கிறது. சபரிமலையைக் கேரளத்துக் கோயில் என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கிழக்கு வாசலை மறந்துவிடுகிறார்கள்.

அச்சன்கோவில் ஆபரணப் பெட்டியின் பயணம் இதற்குக் கண்கூடான சான்று. புனலூரில் காவலில் இருக்கும் அந்த நகைகளும் வாளும் மார்கழித் திருவிழாவுக்காக ஆண்டுதோறும் வெளியே வருகின்றன. ஆரியங்காவு கணவாயைக் கடந்து செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு இறங்கி, காசி விசுவநாதர் கோயில் முன்பு மக்கள் வரவேற்பைப் பெற்று, மறுபடி மலையேறி அச்சன்கோவில் சேர்கின்றன. கேரளக் கோயில் ஒன்றின் நகைப்பெட்டி தமிழகத்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவது, மாநில எல்லையைவிடப் பழைய பாதை ஒன்று மக்கள் நினைவில் உயிரோடு இருப்பதால்தான்.

கால்நடையாகப் போனவர்கள் தூக்கிச் சென்றது இருமுடி. நடுவில் பிரித்துக் கட்டிய துணிப்பை. முன்முடியில் நெய் நிறைத்த தேங்காயும் பூசைப் பொருள்களும், பின்முடியில் வழிச் சோற்றுக்கான அரிசி, பருப்பு, வெல்லம். நடக்க நடக்கப் பின்முடி குறையும். முன்முடி சன்னிதானம் வரை குறையாது. சுமையைத் தலையில் ஏற்றி, கைகளை ஊன்றுகோலுக்கும் பாறைப் பிடிக்கும் விட்டுவைக்கும் இந்த ஏற்பாடு மலைநடைக்கு நன்றாகப் பொருந்துகிறது. 41 நாள் விரதத்தில் வெறுங்காலோடு நடப்பதும் தரையில் படுப்பதும் குளிர்ந்த நீரில் விடியுமுன் குளிப்பதும் பக்திக் கடமைகள். வழியில் வரும் கரிமலை ஏற்றத்தில் கால் வைக்கும் நாளுக்கு உடலைப் பழக்கியதும் அவையே. குருசாமி என்பவர் மந்திரம் சொல்லிக் கட்டு நிறைப்பவர் மட்டுமல்லர். எந்த ஓடையில் தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் யானை இறங்கும், எத்தனை மணிக்குள் இரவு தங்கும் தாவளம் சேர வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதன்முறை வரும் கன்னிசாமிகளின் உயிர் அவர் பொறுப்பு.

எருமேலியிலிருந்து பம்பை வரையிலான பெரிய பாதைதான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. ஐயப்பனின் தோழராகக் கருதப்படும் வாவரின் பள்ளிவாசலை வணங்கி, பேட்டை துள்ளி, காட்டுக்குள் புகுந்தால் காளைகட்டி, அழுதை நதி, கல்லிடுங்குன்று, முக்குழி, கரிமலை, பெரியானவட்டம் என்று 40 கி.மீ.க்கு மேல் நீளும் நடை அது. அழுதையில் முங்கி எடுத்த கல்லைக் குன்றின்மேல் போட்டுவிட்டு ஏறுவார்கள். ஒரே நாளில் முடியாது. இரவைக் காட்டில் கழித்தாக வேண்டும். இலையும் கம்பும் கொண்டு தாழ்வான பந்தல் போட்டு, அதன் முன் ஆழி என்னும் பெருநெருப்பை மூட்டுவார்கள். ஆழிக்கு வழிபாட்டில் இடமுண்டு. மார்கழிப் பனியில் அது குளிர் காத்தது. விலங்குகளையும் தள்ளி நிறுத்தியது. இரவு முழுவதும் முறைபோட்டு விழித்திருந்து விறகு தள்ளியவர்களும், சரணம் சொல்லிக்கொண்டே இருந்தவர்களும் செய்தது ஒரே வேலை: இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுக்கு அறிவித்தார்கள்.

அதே அறிவிப்பின் உரத்த வடிவம் வெடி. சபரிமலையின் வெடி வழிபாடு, காட்டு விலங்குகளை விரட்ட யாத்திரிகர்கள் வெடி போட்டதில் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நள்ளிரவில் ஒற்றையடிப் பாதையில் போகும் சிறு கூட்டத்துக்கு அதைவிட நல்ல காவல் வேறு எது கிடைத்திருக்கும் என்று எண்ணினால், இது நம்பத்தக்க விளக்கமே. இதில் பயன்படும் கதினா என்பது ஒரு பக்கம் அடைத்த கனத்த இரும்புக் குழாய். அதில் கரிமருந்தை இட்டு, மேலே மண்ணோ செங்கல் பொடியோ கொட்டி இறுக இடித்து, நிமிர்த்தி வைத்து, அடியிலுள்ள துளை வழியே தீ வைப்பார்கள். வானில் பூ விரியாது, நிறமும் கிடையாது. மலைமடிப்புகளில் மோதித் திரும்பும் ஓசை ஒன்றே அதன் பயன். பின்னாளில் அது காணிக்கையாகி, பணம் கட்டியவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி வெடிக்கும் வழக்கம் வந்தது.

நாய் வந்த வழி வேறு. தென்பாண்டி நாட்டில் சாஸ்தாவும் அய்யனாரும் ஒருவரே என்று கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வச் சாஸ்தாவைத் தேடிப் போவது இங்கே பெருவழக்கம். அய்யனார் ஊர் எல்லையைக் காக்கும் வேட்டைத் தெய்வம். குதிரை, யானையோடு மண்ணால் செய்த நாய்களும் அவர் கோயில்களில் நேர்த்திக்கடனாக நிற்கும். உடன் காவல் நிற்கும் கருப்பசாமிக்கும் நாய் துணை. அச்சன்கோவிலில் கருப்பனுக்குப் பெரும் சிறப்பு உண்டு. தென்காசிக்கு வடக்கே இருக்கும் இராஜபாளையம், பாளையக்காரர் காலத்திலிருந்தே வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன வெள்ளை நாயினத்தின் ஊர். 2005-இல் இந்திய அஞ்சல்துறை அந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவையும் இதே தென்பகுதியின் நாய்களே. மலையடிவார ஊர்களில் தோட்டக் காவலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நாய் இல்லாமல் முடியாது. அச்சன்கோவில் காடுகளில் வாழும் மலைப்பண்டாரம் பழங்குடியினரும் சிறு வேட்டைக்கு நாயைப் பழக்கியவர்கள்.

யாத்திரைக் கூட்டத்தோடு நாய் போவதற்கு யாரும் அதைக் கயிறு கட்டி இழுத்ததில்லை. வழியில் சேர்ந்துகொள்ளும் நாயை யாத்திரிகர்கள் விரட்டுவதில்லை. பைரவர் வந்ததாகவோ கருப்பன் துணைக்கு அனுப்பியதாகவோ கொண்டு, தாங்கள் உண்பதில் ஒரு பங்கு வைப்பார்கள். இரவில் அது ஆழியின் ஓரத்தில் படுக்கும். மனிதக் காதுக்கு எட்டாத அரவத்துக்கு முதலில் குரைக்கும். இந்த உறவு இன்னும் அறுபடவில்லை. 2019-இல் திருப்பதிப் பக்கத்திலிருந்து சபரிமலைக்கு நடந்து புறப்பட்ட 13 பேர் கொண்ட குழுவின் பின்னால் ஒரு தெருநாய் கர்நாடகம் வரை 480 கி.மீ. நடந்து வந்தது நாளிதழ்களில் செய்தியானது. அது நடந்து வந்ததைவிட, அத்தனை நாளும் அந்தக் குழு அதற்குச் சோறு வைத்ததில்தான் பழைய மரபு தெரிகிறது.

இவ்வளவும் கடந்து போனவர்கள் காண விரும்பியது தை முதல் நாள் மாலை ஒளி. பந்தளத்திலிருந்து மூன்று நாள் தலைச்சுமையாக வரும் திருவாபரணங்களைச் சாத்தித் தீபாராதனை நடக்கும் வேளையில், எதிரே பொன்னம்பலமேட்டில் தீபம் மூன்று முறை எழுந்து அடங்கும். வானில் தோன்றும் நட்சத்திரம் மகரஜோதி. மேட்டில் ஏற்றப்படும் தீபம் மகரவிளக்கு. மலைவாழ் மக்கள் அங்கே நடத்திவந்த பழைய தீபாராதனையின் தொடர்ச்சி இது என்றும், மனிதர்களே இதை ஏற்றுகிறார்கள் என்றும் திருவிதாங்கூர் தேவசம் போர்டே பின்னாளில் ஒப்புக்கொண்டது. அதனால் பார்ப்பவர் கூட்டம் குறைந்துவிடவில்லை. நல்ல இடம் பிடிப்பதற்காகப் பல நாள் முன்பே சன்னிதானத்துக்கு அருகே பாண்டித்தாவளத்தில் இலைக்குடில் போட்டுத் தங்குவதும், வண்டிப்பெரியார் பக்கமிருந்து ஏறிப் புல்மேட்டில் காத்திருப்பதும் வழக்கமாயின.

தமிழகத்திலிருந்து போனவர்கள் தொகை பெருகியதற்குப் பல காரணங்கள். 1904-இல் கொல்லம் – செங்கோட்டை ரயில் ஓடத் தொடங்கியதும் கணவாய்ப் பயணத்தின் அச்சம் பாதி குறைந்தது. 1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானபின், புதிய ஐம்பொன் விக்கிரகத்தை முன்னாள் சென்னை மாகாண முதல்வர் பி.டி. இராசன் தமிழ்நாட்டு ஊர்களுக்கு ஊர்வலமாகக் கொண்டு சென்றார். 1951-இல் பிரதிஷ்டை நடந்தது. நவாப் ராஜமாணிக்கம் தம் நாடகக் குழுவோடு ஐயப்பன் கதையை ஊர் ஊராக நடித்துக் காட்டினார். பிறகு பம்பை வரை மோட்டார்ச் சாலை வந்தது. ஒரு வாரக் காட்டுநடை ஓர் இரவுப் பேருந்துப் பயணமாகவும் சில மணி நேர ஏற்றமாகவும் சுருங்கிற்று.

அங்கேதான் ஆபத்தின் முகம் மாறியது. சிறு கூட்டத்துக்குக் காவலாக இருந்தவை பெருங்கூட்டத்தில் வேறு விதமாக நடந்துகொண்டன. 1952 மகரவிளக்கு நாளில் சபரிமலையில் வெடிமருந்து வெடித்து 68 பேர் இறந்தனர். கேரள வெடிவிபத்துகளின் வரிசை பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1999 ஜனவரி 14 அன்று பம்பை ஹில்டாப்பில் விளக்குப் பார்த்துத் திரும்பியவர்களின் நெரிசலில் மேடு சரிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 ஜனவரி 14 இரவு, புல்மேட்டிலிருந்து இருட்டில் இறங்கிய கூட்டம் குறுகிய வழியில் நெரிந்து 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழகத்திலிருந்து சென்றோர் அவர்களில் பலர். யானையும் சிறுத்தையும் அந்த வழியில் இத்தனை பேரை ஒரே இரவில் கொன்றதில்லை. விளக்கு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பார்த்த அத்தனை பேரும் அதே நொடியில், அதே ஒற்றை வழியில் திரும்புகிறார்கள். வெளிச்சமும் அகன்ற இறங்குவழியும் இல்லாத மலைமேட்டில் இதன் விளைவை முன்கூட்டியே கணித்திருக்க முடியும், கணித்திருக்க வேண்டும். வெடியின் ஆபத்தும் ஓயவில்லை: 2023 ஜனவரியில் மாளிகைப்புறம் அருகே கதினா நிறைக்கும் இடத்தில் மருந்து தீப்பிடித்து மூன்று பணியாளர்கள் காயமுற்றனர்.

சபரிமலையைச் சூழ்ந்த காடு 1978 முதல் பெரியார் புலிகள் காப்பகம். அதன்பின் நாயின் இடமும் மாறியது. வெறிநோயும் நாய்களின் டிஸ்டெம்பர் நோயும் ஊர்நாய் வழியே செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் பரவக்கூடும். நாய் சிறுத்தைக்கு விருப்பமான இரையும்கூட. யானையையோ கரடியையோ சீண்டிவிட்டு மனிதரை நோக்கியே ஓடிவரும். யாத்திரிகர் போடும் சோற்றை நம்பிப் பம்பையிலும் சன்னிதானத்திலும் பெருகும் நாய்கள், பருவம் முடிந்ததும் பட்டினியோடு காட்டில் விடப்படுகின்றன. பைரவரென்று அன்போடு ஊட்டியவர்கள் இதை விரும்பியிருக்க மாட்டார்கள். வழியில் சேரும் நாயை மலையடிவாரத்திலேயே யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஏறுவதே அதற்குச் செய்யும் நன்மை.

பெரிய பாதையில் இன்றும் நடப்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட பகல் நேரத்துக்குள் மட்டுமே வனத்துறை அவர்களை உள்ளே விடுகிறது. தென்காசிப் பக்கத்தில் கார்த்திகையும் மார்கழியும் குற்றாலத்தின் இரண்டாவது சீசன். அருவியில் குளித்துச் செங்கோட்டை வழியே மேற்கே போகும் வாகனங்களும், திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க நிற்கும் கூட்டமும் தை பிறக்கும் வரை குறைவதில்லை. 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக நின்ற கணவாய் ரயில் 2018-இல் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கியதும், ஆரியங்காவு செல்வோர் பழையபடி ரயிலுக்குத் திரும்பினர்.