அம்பின் நிறையும் நூற்சான்றும்

வில்லாண்மையை ஆராய்வோர் வில்லின் வலிமையையே பெரிதும் பேசுவர். அம்பின் நிறையை அத்துணைக் கருதுவதில்லை. ஒரே வில்லினின்று விடும் அம்புகளுள் இலேசானது விரைந்து செல்லும்; கனமானது விரைவிற் குறையினும் வில்லின் ஆற்றலை மிகுதியாக ஏற்றுத் தாக்கும். இவற்றுள் எதனை ஆங்கிலப் படைவீரர் கொண்டனர் என்பதே ஈண்டு நம் வினா.

ரோஜர் ஆஸ்கம் 1545-இல் வெளியிட்ட 'டாக்சோபிலஸ்' என்னும் நூல், போரம்பிற்குக் கனமான ஆஷ் மரமே ஏற்றது என்கிறது. அவ்வாண்டு சூலை 19-இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் ஏறத்தாழ 3,500 அம்புகள் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலன இலேசான பாப்ளர் மரத்தாலானவை.

ஆயின் நூல் பொய்த்ததோ? அன்று. போரம்புகள் பாப்ளர் இனத்ததாகிய ஆஸ்பெனாற் செய்யப்படுவதை ஆஸ்கம் அவ்விடத்திலேயே குறை கூறுகிறார். அவர்தம் விதி விருப்பத்தை உணர்த்துகிறது. குறையோ வழக்கை உணர்த்துகிறது.

கப்பற்சான்றுக்கும் எல்லை உண்டு. இரும்பு முனைகள் பெரும்பாலும் துருவேறி அழிந்தமையின், எஞ்சிய மரத்தை மட்டும் நிறுத்து முழு அம்பின் நிறையையும் சமநிலைப் புள்ளியையும் துணிதல் பொருந்தாது.

விதிநூலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், அது விதிப்பதனோடு விலக்குவதனையும் நோக்குதல் வேண்டும் என்பதே நம் துணிபு.