ஒரு பனை, இரு சுவை

மேனாட்டார் பீரை வெதுவெதுப்பில் நொதிக்கவிட்டுப் பழமணமும், குளிரில் நொதிக்கவிட்டுத் தெளிந்த சுவையும் பெறுவர். பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் பிறந்த நாம் இவ்வுண்மையைப் பனையடியிலேயே கற்றோம்.

பாளையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் வடிவது இனிய அக்கானி, காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையேல், நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கும். நாள் கடப்பின் புளிப்பேறும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்று கேரளத்தில் உரிமம் பெற்றுக் கள் விற்கலாம். தமிழகத்தில் 1987 முதல் தடை. எல்லையின் இருபுறமும் பனை ஏறுவோர் அருகி வருகின்றனர். கடல் கடந்து வாழும் நாம் 'அக்கானி' என்னும் சொல்லையேனும் நம் மக்களுக்குச் சொல்லி வைப்போமாக.