சேவலாய்ப் பிறந்த குற்றம்

முட்டையிலிருந்து வெளிவரும் கோழிக்குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஆண், பாதி பெண். பண்ணைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ஆனால் முட்டை வியாபாரத்துக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். அப்படியானால் மீதிப் பாதியை என்ன செய்வது?

கேட்பதற்கு ரொம்பச் சின்னக் கேள்வி. ஆனால் இதற்கு விடை தேடி ஜெர்மனியில் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 கோடி ஆண் குஞ்சுகள் பிறந்த ஓரிரு நாளுக்குள் கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட உலக மக்கள் தொகைக்குப் பக்கத்தில் வரும் எண்ணிக்கை!

இந்தப் பிரச்சினைக்கு வயது நூறு ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை என்பதுதான் ஆச்சரியம். அதற்கு முன்னால் சேவல் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. பெட்டை முட்டையிட்டது, சேவல் வளர்ந்து குழம்புக்குப் போனது, அவ்வளவுதான். பழைய ரோமில் சேவலுக்குத் தனி மவுசே இருந்தது. கி.மு. 161-ல் ஆடம்பர விருந்தைக் கட்டுப்படுத்த 'ஃபேனியா சட்டம்' என்று ஒன்று வந்தது. விருந்தில் ஒரே ஒரு பெட்டைக்கோழிதான் பரிமாறலாம், அதுவும் கொழுக்க வைத்ததாக இருக்கக் கூடாது. நம்மாட்கள் மாதிரியே ரோமானியர்களும் உடனே சந்து கண்டுபிடித்தார்கள். சட்டத்தில் பெட்டை என்றுதானே இருக்கிறது? பாலில் ஊறவைத்த தீனி போட்டுச் சேவலைக் கொழுக்க வைத்தார்கள் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். :-)

சேவல் குஞ்சைச் செலவாகப் பார்க்கும் பார்வை பலமாகத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில். இங்கிலாந்தில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. முட்டை தராத குஞ்சுக்கு வாரக்கணக்கில் தானியம் போடுவானேன் என்று யோசித்தார் கேம்பிரிட்ஜின் ரெஜினால்ட் புன்னெட். பிளஸ் டூ உயிரியலில் கட்டம் கட்டமாக வரும் 'புன்னெட் சதுரம்' நினைவிருக்கிறதா? அதே புன்னெட்தான். கோழியில் சில இறகு நிற ஜீன்கள் பால் குரோமோசோமிலேயே இருக்கின்றன. ஜோடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பிறக்கும் குஞ்சின் நிறத்தை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். 1929-ல் அவரும் மைக்கேல் பீஸும் 'கேம்பார்' என்ற இனத்தை உருவாக்கினார்கள். அதில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண் குஞ்சு வெளிறிய நிறத்தில் தனியாகத் தெரியும்.

ஆனால் அன்று வர்த்தகத்தைப் புரட்டிப் போட்டது இந்த வழி அல்ல, ஜப்பானியர்களின் வழி. கியோஷி மாசுய், ஹஷிமோட்டோ முதலிய விஞ்ஞானிகள், ஒரு நாள் வயதுக் குஞ்சின் ஆசனவாயை மெல்ல விரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஊசிமுனை அளவுப் புடைப்பை வைத்துப் பாலினம் சொல்லலாம் என்று கண்டுபிடித்தார்கள். 1927-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் இதை அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே இதைக் கற்றுத்தரப் பள்ளிகள், தேர்வுகள், சான்றிதழ்கள் எல்லாம் வந்துவிட்டன. தேர்ந்த ஆள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு பிரிப்பார், நூற்றில் இரண்டு தப்பினால் அதிகம். ஜப்பானிலிருந்து இந்த நிபுணர்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று போனார்கள். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்கள் பலருக்கு, வேறு வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த 1930-களில் இது சோறு போட்ட தொழில்.

(எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது, அது ஒரு உள்ளுணர்வு என்று தத்துவப் புத்தகங்களில் எழுதுவார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. 1987-ல் பீடர்மேனும் ஷிஃப்ரரும் செய்த ஆய்வில், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு குறிப்புக் கொடுத்ததுமே ஒன்றும் தெரியாதவர்களும் படங்களைப் பார்த்து நன்றாகவே பிரித்தார்கள்.)

இதோடு கதை முடிந்திருந்தால் பெரிய கொடுமை ஒன்றுமில்லை. பிரித்த சேவலைத் தனியே வளர்த்துக் கறிக்கு விற்றிருக்கலாம். அந்தக் கதவையும் சாத்தியது இன்னொரு மாற்றம். 1923-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சு கேட்டார். வந்ததோ 500. திருப்பி அனுப்பாமல் எல்லாவற்றையும் வளர்த்தார். பிழைத்த 387-ஐ ஒரு பவுண்டு 62 சென்ட் என்று கறிக்கு விற்று நல்ல லாபம் பார்த்தார். கறிக்கென்றே கோழி வளர்க்கும் பிராய்லர் தொழில் அங்கே அப்படித்தான் சூடு பிடித்தது. 1948-ல் ஏ அண்ட் பி என்ற பலசரக்குக் கடைச் சங்கிலியின் ஆதரவில் 'நாளைய கோழி' என்ற போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. எந்தக் கோழிக்கு நெஞ்சுக்கறி அதிகம், எது சீக்கிரம் வளரும் என்பதுதான் போட்டி! அதற்குப் பின் கறிக்கோழி ஒரு வம்சம், முட்டைக்கோழி ஒரு வம்சம் என்று இரண்டும் பிரிந்தே போயின.

விளைவு என்ன? பிராய்லர் குஞ்சு ஐந்தாறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டிவிடுகிறது. முட்டைக்கோழி வம்சத்துச் சேவலோ மூன்று மாதம் தீனி தின்றும் அதைத் தொடுவதில்லை, நெஞ்சில் கறியும் பிடிப்பதில்லை. பி.காம். நண்பர்களுக்குச் சொல்வதானால், அடக்கவிலைக் கணக்கியலில் கூட்டுப்பொருள், துணைப்பொருள், கழிவு என்று மூன்று வரும் அல்லவா? ஒரு காலத்தில் கூட்டுப்பொருளாக இருந்த சேவல் இரண்டே தலைமுறையில் கழிவு என்ற பத்திக்கு இறங்கிவிட்டது. சேவலிடம் ஒரு குறையும் வரவில்லை. பக்கத்துத் தொழிலில் ஒரு போட்டியாளர் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

பிறகு பொரிப்பகங்களில் நடந்தது ஊருக்கு ஊர் வேறுபட்டது. சில இடங்களில் கரியமில வாயு, சில இடங்களில் வேகமாகச் சுழலும் பிளேடுகள். வாயுவில் இறந்தவை உறைய வைக்கப்பட்டு உயிரியல் பூங்காக்களில் கழுகுக்கும் ஆந்தைக்கும் உணவாகப் போகும். நம்மூரில் ஒரு பங்கு வேறு ரூபத்தில் தெருவுக்கு வருகிறது. கூடையில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றிக் கொண்டுவந்து பழைய பிளாஸ்டிக்குக்கும் சில்லறைக்கும் கொடுப்பார்களே, அந்தக் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் இந்த ஆண் குஞ்சுகள்தான். பெரும்பாலானவை ஒரு வாரம் தாங்குவதில்லை என்பது வாங்கித் தந்த பெற்றோர்களுக்குத் தெரியும்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். அங்கே 1972-ம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் பிரிவிலேயே ஒன்று சொல்கிறது: 'நியாயமான காரணம்' இல்லாமல் ஒரு விலங்குக்கு வலியோ துன்பமோ கேடோ விளைவிக்கக் கூடாது. 2002-ல் விலங்குகளின் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி ஆண் குஞ்சுகள் கொல்லப்பட்டு வந்தன. 2013-ல் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம் இதைத் தடுக்க ஆணை பிறப்பித்தது. பொரிப்பகங்கள் நீதிமன்றம் போயின, கீழ் நீதிமன்றங்களில் ஜெயித்தன. 2019 ஜூன் 13 அன்று லைப்சிக் நகரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு ஒரு விசித்திரம். முட்டையிடும் திறன் மட்டுமே உள்ள கோழி வேண்டும் என்ற பொருளாதார ஆசை, குஞ்சைக் கொல்ல நியாயமான காரணம் ஆகாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் அதே மூச்சில், முட்டைக்குள்ளேயே பாலினம் காணும் தொழில்நுட்பம் விரைவில் வரப்போகிறது, அதற்குள் ஒருமுறை, அது வந்தபின் இன்னொரு முறை என்று பொரிப்பகங்களை இரண்டு தடவை மாறச் சொல்வது நியாயமில்லை, ஆகவே தற்காலிகமாகத் தொடரலாம் என்றும் சொன்னது! தவறுதான், ஆனால் கொஞ்ச நாள் செய்துகொள்ளுங்கள் என்றால் குஞ்சுக்கு அதில் என்ன ஆறுதல்? விலங்கு ஆர்வலர்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஆனாலும் கொள்கை நிலைத்தது. 2021 மே மாதம் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 2022 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் ஆண் குஞ்சுகளைக் கொல்வதற்குத் தடை வந்தது.

மாற்று வழிகள் அதற்கு முன்பே முளைத்திருந்தன. 2012-ல் தொடங்கிய 'சகோதரச் சேவல்' இயக்கம் சேவலையும் வளர்த்தது, செலவை முட்டைக்கு 4 சென்ட் என்று ஏற்றியது. ஒரு கோழி ஆண்டுக்கு 250 முட்டை இடுவதாக வைத்தால் 10 யூரோ. அக்காள் சம்பாதித்துத் தம்பியை வளர்க்கிற ஏற்பாடு என்று சொல்லலாம். இன்னொன்று, அடைகாக்கும்போதே முட்டையைச் சோதித்து ஆண் கருவை நீக்குவது. அப்படிப்பட்ட முட்டைகள் 2018 நவம்பரில் பெர்லின் கடைகளுக்கு வந்தன. உடனே அடுத்த கேள்வி: கருவுக்கு எப்போது வலி தெரியும்? சட்டம் முதலில் 6-ம் நாளுக்குப் பின் கூடாது என்று எழுதியது. பிறகு அரசே செய்யச் சொன்ன ஆய்வில் 12-ம் நாள் வரை வலி உணர்வு இருப்பதாகத் தெரியவில்லை என்று வந்ததும், 13-ம் நாளிலிருந்து என்று மாற்றினார்கள்.

தடைக்குப் பின் எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் பல பொரிப்பகங்கள் மூடின, முட்டைக்கோழிக் குஞ்சுகள் எல்லை தாண்டி வர ஆரம்பித்தன. அங்கே அவற்றின் சகோதரர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஜெர்மன் சட்டம் கேட்க முடியாது. கழுகுகளுக்குத் தீனி வேண்டும் என்று பூங்காக்களும் உறைந்த குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்கின. கணக்கேட்டில் ஒரு பக்கம் அழித்த எண் இன்னொரு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஸ்விட்சர்லாந்து 2020 முதல் பிளேடுகளை மட்டும் தடை செய்தது, வாயுவை விட்டுவைத்தது. இஸ்ரேலில் ஆண் கரு வளராமலே நின்றுவிடும்படி ஜீன் திருத்திய கோழிகளை 2022-ல் அறிவித்தார்கள். பிரான்ஸ் 2022 இறுதியைக் கெடுவாக வைத்துத் தடை கொண்டுவந்தது. ஆனால் அங்கே பரவலான கருவி, கருவின் இறகு நிறத்தை வெளியிலிருந்தே பார்த்துப் பாலினம் சொல்வது. அது பழுப்புக் கோழி வம்சத்துக்கு மட்டுமே பலிக்கும். அதனால் வெள்ளைக் கோழி வம்சத்துச் சேவல் குஞ்சுகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு.