விளையாட்டுப் பலகையின் வரலாறு

வட்டம், முக்கோணம், சதுரம் என்று குழிகள் வெட்டிய மரப்பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறிவுத்திறன் குறைந்த சிறு குழந்தைகளுக்கான வகுப்பறைகளில் இன்றும் அதைக் காணலாம். எந்தக் கட்டை எந்தக் குழிக்கு உரியது என்று குழந்தை தேடிப் பொருத்த வேண்டும். இந்த விளையாட்டின் வேரைத் தேடிப் போனால், கல்வியே ஏறாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு சிறுவனிடம் போய்ச் சேருவோம்.

1800-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரான்சின் அவேரோன் பகுதியில், காடுகளில் தனியே திரிந்த, பேசத் தெரியாத சிறுவன் ஒருவன் அகப்பட்டான். வயது பன்னிரண்டு இருக்கலாம். புகழ்பெற்ற மனநோய் மருத்துவர் பினேல் அவனைப் பார்த்துவிட்டு, இவன் தேற மாட்டான் என்றார். இருபத்தாறு வயதே ஆன இட்டார் என்னும் மருத்துவர் அதை ஏற்கவில்லை. பாரிசில், காது கேளாதோர் பள்ளியில் வைத்து அவனுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். விக்டர் என்பது இட்டார் இட்ட பெயர்.

பயிற்சி எப்படித் தெரியுமா? சில கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றன் அடியில் மட்டும் செஸ்ட்நட் கொட்டையை ஒளித்து வைத்து, கிண்ணங்களை இடம் மாற்றுவார். நம் தெருவித்தைக்காரர் செய்வதும் இதுதானே! விக்டரின் கண் சரியான கிண்ணத்தைத் தொடர்ந்தது. பின்னர் கொட்டைக்குப் பதிலாகத் தின்ன முடியாத பொருள்களை வைத்தார். அப்போதும் சிறுவன் விடாமல் தேடினான். பசி போய், விளையாட்டு வந்துவிட்டது. அடுத்து, ஒரு பலகையில் சிவப்பு வட்டம், நீல முக்கோணம், கறுப்புச் சதுரம் ஆகியவற்றை ஒட்டி, அவற்றுக்கு இணையான அட்டைகளைப் பொருத்தச் செய்தார். அதன்பின் எழுத்துக்கள் வந்தன.

பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நான்கு எழுத்துக்கள். ஒரு நாள் மாலை, வழக்கமாகப் பால் கிடைக்கும் வீட்டுக்குப் புறப்பட்டபோது, யாரும் சொல்லாமலேயே அந்த நான்கு எழுத்துக்களையும் விக்டர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போய்ச் சேர்ந்ததும் மேசையில் அவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டினான். பேச்சு அவனுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை, 1828-இல் இறந்தான். ஆயினும் அந்த ஒரு மாலையே பினேலுக்குப் போதுமான பதில் என்பது என் கருத்து.

இட்டாரின் மாணவர் செகேன் இம்முறைகளை மேலும் வளர்த்து, குழிப்பலகையையும் உருவாக்கி, 1850 வாக்கில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். 1900-இல் ரோம் நகரில் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியை நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையார், இவ்விருவரின் நூல்களையும் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் படித்தார். அவர் வடிவமைத்த உருளைப் பலகையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். இடம் தவறி வைத்தால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் மிஞ்சும். ஆசிரியை வாய் திறக்க வேண்டியதில்லை. தவறைக் கருவியே சொல்லிவிடும். எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு நேர்மையான கருவிகள் குறைவு!

அவருடைய மாணவர் சிலர் பொதுப் பள்ளித் தேர்விலும் தேறினார்கள். எல்லோரும் வியந்தார்கள். அம்மையாருக்கோ வேறொரு கேள்வி எழுந்தது: நல்ல நிலையிலுள்ள குழந்தைகள் ஏன் இவர்களைவிட மேலே போகவில்லை? விடை தேடி 1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லம் திறந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்.

செகேனின் பலகைக்கு மட்டும் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. குழந்தையின் அறிவு வளர்ச்சியை அளக்க, நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே பலகையை நம் நாட்டில் இன்றும் சோதனையாகத் தருகிறார்கள்.